ஒரு பாட்டுக்கு ஒரு மாலை

நாலு வரிப் பாட்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுவதையும் கழிக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஒரு தென்காசிக்காரர். ரசிகமணி டி.கே.சி. என்று தமிழ்நாடு அறிந்த டி.கே. சிதம்பரநாத முதலியார். 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் கூடத் தொடங்கிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் கூட்டம், பிறகு அவரோடு குற்றாலத்துக்கு வந்து சேர்ந்தது. 1954 பிப்ரவரியில் அவர் மறையும்வரை அங்கே நடந்தது ஏறக்குறைய ஒரே வேலைதான். ஒரு பாட்டை எடுப்பார். அது திறக்கும்வரை அடுத்ததற்குப் போகமாட்டார்.

ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் பார், அதையும் பொருளுள்ள வேலையாகப் பார் என்ற அறிவுரை இன்று பள்ளிக்கூடம், அலுவலகம், பயிற்சி வகுப்பு என்று எங்கும் கேட்கிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் அதை ஒருவர் முப்பது ஆண்டுகள் கடைப்பிடித்தால் என்ன கிடைக்கும், என்ன கைநழுவும் என்பதை யாரும் விரித்துச் சொல்வதில்லை. டி.கே.சி.யின் வாழ்க்கையில் இரண்டையும் பார்க்கலாம். பாட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவை அவருடைய புத்தகங்கள். அந்த நன்றியோடுதான் அவருடைய முறை எங்கே வழி தவறியது என்பதையும் எழுதுகிறேன்.

முதலில், அவர் எப்படிப் படித்தார்? அவர் காலத்தில் பழைய பாட்டுகள் அச்சில் சந்தி பிரிக்காமல் ஒரே கட்டாக இருக்கும். கண் ஓடும், காது நிற்கும். டி.கே.சி. சொற்களைப் பிரித்தார். மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே வரியை மடக்கினார். பிறகு சொல்லிப் பார்த்தார். ஒரு முறை சொல்லிவிட்டு விளக்கத்துக்குப் போகிற ஆளில்லை, மறுபடியும் சொல்வார். முதல் தடவை அழுத்தம் விழாத ஒரு சின்னச் சொல்லில், ஓர் ஏகாரத்திலோ ஓர் உம்மையிலோ, இரண்டாம் தடவை குரல் போய் உட்காரும். மூன்றாம் தடவை கேட்பவருக்கே அது பிடிபட்டுவிடும். கவிதைக்கு ‘உருவம்’ உண்டு, அந்த உருவத்தில்தான் உணர்ச்சி தங்கியிருக்கிறது என்பது அவர் ஓயாமல் சொல்லிவந்த கருத்து. உருவம் என்று அவர் சொன்னதை யாப்பிலக்கணப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. திரும்பத் திரும்பச் சொல்லும் வாயிலும் கேட்கும் காதிலும்தான் கிடைக்கும்.

இதற்கு நேரம் வேண்டும். ஒரு மாலையில் இருபது பாட்டு படித்தால் இருபது பொழிப்புரை தெரிந்திருக்கும். ஒரு பாட்டின் நடை தெரிந்திருக்காது. இது வெறும் ரசனைக்காரர் பேச்சு இல்லை. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதே விஷயத்தை அலுவலக வேலையில் பார்த்தது. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, புதிய வேலை அதனால் கெடுகிறது என்று அவர் காட்டினார். பானையில் அடி பிடித்த சோறு போல அது. கழுவாமல் அடுத்த உலையை வைத்தால் அந்தச் சோற்றிலும் தீய்ந்த வாடை வரும்.

வட்டத்தொட்டிக்கு முன்பு இதே தமிழகம் இதற்கு நேர் எதிரான ஒன்றைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியதையும் நினைக்க வேண்டும். அவதானம். தென்காசிக்குத் தெற்கே, நாகர்கோவில் பக்கத்து இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் நிகழ்த்தினார். ஒருவர் கேட்ட ஈற்றடிக்கு வெண்பா, இன்னொருவர் கேட்ட கணக்குக்கு விடை, முதுகில் விழும் பூவின் எண்ணிக்கை, மணியடித்த எண்ணிக்கை என்று நூறு காரியங்களை ஒரே அமர்வில் மனத்தில் தாங்குவது அந்தக் கலை. அவையில் இருந்தவர்கள் மலைத்துப்போனார்கள், மலைக்கவேண்டிய திறமைதான். ஆனால் அவதானத்தில் பிறந்த வெண்பாக்களை இன்று யாராவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறோமா? அங்கே பாட்டு என்பது நூறு காரியங்களில் ஒன்று. டி.கே.சி. அந்த மதிப்பீட்டைப் புரட்டிப்போட்டார். தமிழ்ப் புலமை என்றால் நிறையத் தெரிந்திருப்பது என்று இருந்த ஊரில், ஒன்றை முழுசாகக் கேட்கத் தெரிந்திருப்பதும் புலமைதான் என்று நிறுவினார். அவருடைய ஆகப் பெரிய கொடையாக நான் இதைத்தான் கருதுகிறேன்.

கொடை பரவவும் செய்தது. வட்டத்தொட்டியில் வந்து உட்கார்ந்தவர்களில் நீதிபதி எஸ். மகராஜன் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்று கோயில் கோயிலாகப் போய் நின்று எழுதினார். 1951இல் தஞ்சாவூர்க் கலைக்கூடம் உருவானதிலும் அவர் முயற்சி உண்டு. வயற்காட்டில் கிடந்த ஒரு சிலையின் முன் நின்று பார்க்கிற பொறுமை, ஒரு பாட்டின் முன் உட்கார்ந்த பழக்கத்தில் இருந்து வந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். டி.கே.சி. துறவி மாதிரி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாட்டுக்கு வந்தவர் இல்லை. வக்கீலுக்குப் படித்தவர். 1927 முதல் 1930 வரை சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினர். பிறகு 1935 வரை இந்து அறநிலைய ஆணையர். தமிழிசை இயக்கத்தில் முன்னணியில் நின்றவர். நண்பர்களுக்கு ஓயாமல் கடிதம் எழுதியவர். அதாவது பல வேலைக்காரர். வட்டத்தொட்டி என்பது அந்தப் பல வேலைகளுக்கு நடுவே வேலி கட்டிக் காத்த ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம். ‘ஒரே வேலை’ என்றதும் ஊரை விட்டு ஓடவேண்டும், வேலையை விடவேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. வேலி சின்னதாக இருந்தாலும் அதற்குள் ஆடு நுழையாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இந்த முறை உச்சம் தொட்ட இடம் முத்தொள்ளாயிரம் என்பேன். மூவேந்தர் மேல் பாடிய அந்த வெண்பா நூல் முழுசாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற தொகைநூல் காப்பாற்றிக்கொடுத்த நூற்றுச் சொச்சம் பாட்டுகள்தான் மிச்சம். ஒவ்வொன்றும் தனி. முன்னும் பின்னும் கதை கிடையாது. ஒரு பெண், ஒரு தெரு, யானைமேல் போகிற ஒரு ராஜா, சாத்திய ஒரு கதவு. அந்த நாலு வரிக்குள் எல்லாம் தொடங்கி முடிந்துவிடும். டி.கே.சி. அந்த வெண்பாக்களைப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் நடுவே நின்று பேசியபோது பல நூற்றாண்டு இருட்டில் கிடந்த பெண்கள் எழுந்து வந்து தெருவில் நின்றார்கள். பாட்டின் இயல்பும் படிக்கும் முறையும் பூட்டும் சாவியுமாகப் பொருந்திய இடம் அது.

அதே சாவியைக் கம்பனுக்குப் போட்டபோதுதான் சிக்கல்.

கம்பராமாயணம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் கொண்ட காப்பியம். டி.கே.சி. அதற்குள்ளும் ஒவ்வொரு பாட்டாகப் போனார். ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தார். உருவம் இருக்கிறதா, இதயத்தைத் தொடுகிறதா என்று கேட்டார். தொட்டவற்றை எடுத்துக்கொண்டார். தொடாத ஏராளமான பாட்டுகளைக் கம்பனுடையவை அல்ல, பின்னால் வந்தவர்கள் செருகியவை என்று தள்ளினார். அதோடு நிற்கவில்லை. கம்பன் இப்படிப் பாடியிருக்க மாட்டான் என்று தோன்றிய இடங்களில் சொல்லையும் அடியையும் மாற்றினார். அவர் வெளியிட்ட நூலின் பெயர் ‘கம்பர் தரும் ராமாயணம்’. தருகிறவர் கம்பர்தானா என்று அன்றைக்கே புலவர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம்.

இடைச்செருகல் கம்பனில் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள், நிறைய உண்டு. ஆனால் டி.கே.சி. தவறியதற்குக் காரணம் அவர் கையாண்ட முறைக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். காப்பியத்தில் எல்லாப் பாட்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில பாட்டு மின்னும். சில பாட்டு ஒரு பாத்திரத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோய் விடும். சில பாட்டு பொழுதை நகர்த்தும். தனியாகப் பிடுங்கி எடுத்து ‘நீ கவிதையா’ என்று கேட்டால் தூக்கிச் சுமக்கிற பாட்டு பதில் சொல்லாது. தென்காசியில் இருக்கிற காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரத்தைப் பாருங்கள். பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய கோயில் அது. பழைய கோபுரம் பிளந்து சிதைந்து நெடுங்காலம் கிடந்து, 1990இல்தான் ஏறத்தாழ 180 அடி உயரத்துக்கு மறுபடி எழுந்தது. மேலே நிற்கிற சுதைப் பொம்மைகளை அண்ணாந்து பார்ப்பவர்கள் அடியில் இருக்கும் கல்லைப் பார்ப்பதில்லை. மறுபடி எழுப்ப முடிந்ததே அந்தக் கல் நின்றதால்தான். டி.கே.சி. காப்பியத்தின் அடிக்கல்லிலும் பொம்மையைத் தேடினார்.

இன்னொரு தவறு இதைவிட நுணுக்கமானது. ஒன்றோடு ரொம்ப நாள் தனியாக இருந்தால் அது நம்முடையது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஒரு பாட்டை நூறு முறை சொன்ன நாக்குக்கு, நூற்றியோராவது முறை ஒரு சொல்லை மாற்றினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். ஆழ்ந்த கவனம் மெல்ல மெல்ல உரிமையாக மாறுகிற இடம் அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே இருப்பவருக்கும் அப்படித்தான்.

அதே நெல்லைச் சீமையில், அதே காலத்தில், அதே வக்கீல் படிப்பில் இருந்து வந்த இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். எஸ். வையாபுரிப் பிள்ளை. 1926இலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர். 1940இல் சங்க நூல்களை ஒருசேர வெளியிட்ட பதிப்பு அவர் கைவேலை. அவரும் ஒரு வரிமேல் நாள்கணக்கில் உட்கார்ந்தவர்தான். ஆனால் ஐயம் வந்தபோது அவர் தன் காதைக் கேட்கவில்லை. இன்னொரு ஏட்டைப் புரட்டினார். இன்னொரு உரையைப் பார்த்தார். தனக்குப் பிடிக்காத பாடமும் ஏட்டில் இருந்தால் அதை அடிக்குறிப்பில் நிறுத்திவைத்தார். டி.கே.சி.யின் முற்றத்தில் இருந்த இனிமை வையாபுரிப் பிள்ளையின் பக்கங்களில் கிடையாது, வறண்ட நடை. ஆனால் அடுத்து வருகிறவன் அவரோடு சண்டை போடலாம், ஏனென்றால் சான்றுகளை எல்லாம் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். டி.கே.சி. தள்ளிய பாட்டை மீட்க விரும்புகிறவன் யாரிடம் போய் வாதாடுவது? சாட்சி சொல்லவேண்டிய குரல் 1954இலேயே நின்றுவிட்டது.

அவர் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக்கூடாது. அவர் கம்பனைக் கையில் எடுத்த காலம் சாதாரணக் காலமில்லை. 1943இல் அண்ணா கம்பராமாயணத்தை எதிர்த்து ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் வாதம் செய்தார். காப்பியத்தைக் கொளுத்தலாமா காக்கலாமா என்று ஊரெல்லாம் பேச்சு. இன்னொரு பக்கம் பண்டிதர்களின் உரைகள் சாதாரண வாசகனைக் கிட்டே நெருங்கவிடவில்லை. அந்தச் சூட்டில் ஒருவர் வந்து, ‘இந்த ஒரு பாட்டைக் கேளுங்கள்’ என்று எடுத்து வைத்தது பெரிய காரியம். கல்கி மாதிரியான பத்திரிகையில் கம்பன் வாராவாரம் வீடுகளுக்குள் நுழைந்தது அவரால்தான். ஆனாலும் அண்ணா எழுப்பிய கேள்வி ஒரு பாட்டைப் பற்றியது அல்லவே. இந்தக் கதை மொத்தமாக யாரை உயர்த்துகிறது, யாரைத் தாழ்த்துகிறது என்பது அந்தக் கேள்வி. மொத்தத்தைப் பற்றிய கேள்விக்கு நாலு வரியின் அழகு பதிலாகாது. ஒன்றிலேயே கண்ணை வைப்பது சில நேரம் பெரிய கேள்வியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் உதவிவிடுகிறது. அன்புள்ளவர்களுக்கும் இது நேரும்.

குற்றாலத்திலேயே வேறொரு வகை ஒருமுகம் இருந்திருக்கிறது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இந்த ஒரே ஊரைப் பாடினார். ஆனால் தலபுராணமாக, மாலையாக, சிலேடை வெண்பாவாக, யமக அந்தாதியாக, குறவஞ்சியாகச் சுற்றிச் சுற்றிப் பாடினார். பொருள் ஒன்று, வாசல் பல. நிலைத்தது குறவஞ்சி. மற்ற வாசல்களில் நுழைந்து பார்க்காமல் அவர் அந்த வாசலைக் கண்டுபிடித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

வட்டத்தொட்டியைப் பற்றி எழுதியவர்கள் பலர் சாப்பாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். டி.கே.சி. வீட்டு விருந்தோம்பல் அவ்வளவு பேர்பெற்றது. அருவியில் குளித்துவிட்டு வந்தவர்களுக்கு இலை போட்டிருக்கும். அந்த இலைக்குப் பின்னால் ஓர் அடுப்பு எரிந்தது. முற்றத்தில் ஒரு பாட்டு மூன்றாம் தடவையாக ஒலித்தபோது உள்ளே யாரோ பத்து வேலையை ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஒரு வேலை என்ற வசதி, இன்னொருவர் மற்ற ஒன்பதையும் சுமப்பதால் வருகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கில் சேர்க்கவேண்டும் என்கிறேன். ‘ஒரே வேலையில் கவனம் வை’ என்று புத்தகம் எழுதுகிறவர்கள் யாரும் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை.

மேலகரத்தில் என் அத்தை பீடி சுற்றுவாள். மடியில் சுளவு, சுளவில் தூள், நூல், அளவுக்கு வெட்டி ஈரத்துணியில் வைத்த இலை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. தென்காசி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு பெண்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். கை இலையைச் சுருட்டி, தூளை நிரவி, நுனியை மடித்து, நூலைச் சுற்றி அறுத்துப்போடும். கண் அங்கே இருக்காது. அடுப்பில் பால், வாசலில் தண்ணீர் வண்டி, டிவியில் நாடகம், பேரனின் வீட்டுப்பாடம் எல்லாம் அவள் காதுக்குள் ஓடும். கைக்கு நாள் முழுக்க ஒரே வேலை, மனசுக்கு ஆயிரம். ஒன்றிலேயே இருப்பது என்பது இங்கே கூலிக்கட்டு. அவள் தேர்ந்தெடுத்தது எதுவுமில்லை. பொருளுள்ள ஒரு வேலை என்று சொல்லும்போது, அதைத் தேர்ந்தெடுக்கிற உரிமை யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி அவள் சுளவைப் பார்த்த பிறகுதான் எனக்குள் வந்தது.

போன சாரல் சமயத்தில் நாலு நாள் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். டி.கே.சி. வழியிலேயே போய்ப் பார்ப்போம் என்று போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, கம்பனில் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டேன். குகன் தேனும் மீனும் கொண்டுவந்து ராமன் முன்னால் வைத்து, உங்கள் மனசு எப்படியோ என்று தயங்கி நிற்கிற இடம். முதல் நாள் பொருள்தான் தெரிந்தது. இரண்டாம் நாள் வாய்விட்டுச் சொன்னபோது குகனின் கூச்சம் கேட்டது. பெரிய ஆள் வீட்டுக்குக் கையில் கிடைத்ததைக் கொண்டுபோகிறவன், வாசலில் நின்று பொருளைப் பின்னால் மறைப்பானே, அந்தக் கூச்சம். மூன்றாம் நாள் அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். நாலாம் நாள் ஒரு சொல்லில் இடறினேன். இந்தச் சொல் இங்கே கொஞ்சம் கனமாக இருக்கிறதே, வேறொன்று இருந்திருக்கலாமே என்று வாய் தானாக இன்னொன்றைப் போட்டுச் சொல்லிப் பார்த்தது. நன்றாகவும் இருந்தது. சட்டென்று உடம்பு கூசியது. நாலே நாளில் எனக்கு அந்த உரிமை வந்துவிட்டது.

அத்தை அறுத்த நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏய்யா, நாலு நாளா அந்த ஒண்ணையே வாசிக்கியே. இவன் மீனு கொண்டாந்து குடுக்கான், சரி. ராமன் வீட்ட விட்டுக் கெளம்பி எத்தன நாளாச்சு? அதுவரைக்கும் அவனுக்குச் சோறு போட்டது யாரு?”

எனக்குத் தெரியவில்லை. குகன் வருகிற படலத்துக்கு முன்னால் கங்கைப் படலம் என்று ஒன்று இருக்கிறது. அதை நான் தாண்டி வந்திருந்தேன்.

“பாத்துச் சொல்லு” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த இலையை எடுத்தாள். நான் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன்.